கரண்ட் வைக்கும் நாட்களில் வாயில் படியும் வெள்ளை: பூஞ்சைத் தொற்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

எங்கள் பக்கம் கதிர்வீச்சு சிகிச்சையை ரேடியோதெரபி என்று யாரும் சொல்வதில்லை. "கரண்ட் வெக்கறாங்க" என்பதுதான் பேச்சு. வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து கரண்டுக்குக் கிளம்பும்போதே, வாய் வெந்துபோகும், பொறுத்துக்கணும் என்று டாக்டரிலிருந்து ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) வரை எல்லோரும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அதில்தான் ஒரு வம்பு இருக்கிறது. வேகும் என்று தெரிந்துவிட்டதால், வாயில் எது எரிந்தாலும் கரண்ட் சூடு என்று பொறுத்துக்கொள்கிறோம். அந்த எரிச்சலில் ஒரு பங்கு பூஞ்சையால் வருவது. அதைப் பொறுக்க வேண்டியதே இல்லை. மருந்து இருக்கிறது.

நான் கோயம்புத்தூரில் கதிர்வீச்சுப் பிரிவில் பல வருடம் நர்ஸாக இருந்தவள். அப்படி இருந்தும் என் மாமனாருக்கு வந்தபோது ஐந்து நாள் கோட்டை விட்டேன். நான்காவது வாரம். காங்கேயத்திலிருந்து தினமும் போய்வந்துகொண்டிருந்தோம். நாக்கில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தயிர்சாதத்தின் மிச்சம் என்று நினைத்தேன். "எரியுதுங்களா மாமா?" என்று கேட்டால், "வெறுந்தண்ணி குடிச்சாலும் மொளகா தின்னாப்ல இருக்குது அம்முணி" என்பார். வெந்த வாய்க்கு அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொன்னேன். ஆறாவது நாள் வாராந்திரப் பரிசோதனையில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்த மறு நொடி, "எத்தனை நாளா இருக்கு இது?" என்று கேட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இது என்ன, ஏன் இப்போது வருகிறது

கேண்டிடா என்பது ஈஸ்ட் வகைப் பூஞ்சை. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்கள் பலரின் வாயிலும் அது சும்மா குடியிருக்கும். கைக்குழந்தையின் நாக்கில் மாவு மாதிரி படிந்தால் பெரியவர்கள் அக்கரம் என்பார்களே, அதே ஆள்தான். அதிகம் காண்பது கேண்டிடா அல்பிகன்ஸ். டிராபிகாலிஸ், கிளாப்ராட்டா, குருசே என்று பங்காளிகளும் உண்டு.

சாதாரண நாளில் இதை அடக்கி வைத்திருப்பது எச்சில். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிறது, அமிலத்தைக் குறைக்கிறது, கிருமியைத் தடுக்கும் புரதங்களும் அதில் இருக்கின்றன. வாய்க்கு வைக்கிற கரண்டில் எச்சில் சுரப்பிகளும் மாட்டிக்கொள்கின்றன. முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே எச்சில் குறைந்து, நூல் நூலாகக் கெட்டியாகிவிடும். "வாயி பஞ்சாட்ட இருக்குது" என்று நோயாளி சொன்னால் காவல்காரன் போய்விட்டான் என்று புரிந்துகொள்ளுங்கள். போதாக்குறைக்கு வெந்த தோல், சரியாகச் சாப்பிடாத உடம்பு. கூடவே கீமோ ஏற்றுகிறவர்களுக்கு வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் ஊசியும் சேர்ந்துகொள்கிறது. அது ஸ்டீராய்டு. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை நோயாளிக்கும், பல்செட் போட்டவருக்கும், புகையிலையை இன்னும் விடாதவருக்கும் வாய்ப்பு இன்னும் அதிகம். தலை, கழுத்துப் பகுதிக்குக் கரண்ட் வைப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. ஆகவே இதை அபூர்வமாக நினைக்க வேண்டாம்.

படி 1: கரண்ட் தொடங்கும் முன்பே செய்து முடிக்க வேண்டியவை

பல் டாக்டரைப் பார்க்காமல் கரண்டுக்குப் போகக்கூடாது. ஆடுகிற பல், சொத்தைப் பல், எடுக்க வேண்டிய பல் எல்லாம் கரண்ட் தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே எடுக்கப்பட்டு, அந்தக் குழி ஆறியிருக்க வேண்டும். கரண்ட் வைத்த தாடையில் பிற்பாடு பல் பிடுங்கினால் எலும்பு செத்துப்போகும் ஆபத்து இருக்கிறது.

சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். சுகர், பிரஷர், வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்க என்று எதையும் விட வேண்டாம். இந்தத் தாள் படி 5இல் உயிர் காக்கும்.

புகையிலை, பாக்கு, ஹான்ஸ். இதை மட்டும் மாமாவிடம் நான் கெஞ்சவில்லை, அதட்டினேன். தனியாக விட முடியாதவர்களுக்கு 1800112356 என்ற இலவச எண்ணில் பேச ஆள் இருக்கிறார்கள்.

படி 2: தினமும் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள்

காலையில் பல் துலக்கி, வாய் கொப்பளித்த பிறகு, ஒன்றும் சாப்பிடும் முன். நேரம் முக்கியம். மோர், தயிர், கூழ் குடித்த பிறகு பார்த்தால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, போன் டார்ச்சைப் பிடித்து, இந்த வரிசையில் பாருங்கள்: உதட்டின் இரண்டு ஓரங்கள், இரண்டு கன்னங்களின் உள்பக்கம், நாக்கின் மேல், நாக்கின் இரண்டு விளிம்புகள், நாக்கைத் தூக்கி அடியில், மேல் அண்ணம், கடைசியாகத் தொண்டைப் பக்கம். பாக்குப் போட்டுப் போட்டு வாய் இறுகிப்போனவர்களுக்கு இரண்டு விரல்கூட நுழையாது. வலுக்கட்டாயம் செய்ய வேண்டாம். கொதிநீரில் கழுவிய ஸ்பூனின் கைப்பிடியால் கன்னத்தை லேசாக ஒதுக்கினால் போதும்.

சந்தேகப்படும்படி எதையாவது பார்த்தால் போட்டோ எடுத்து வையுங்கள். திங்கட்கிழமை பார்த்ததும் வெள்ளிக்கிழமை பார்த்ததும் ஒன்றா இல்லையா என்று ஞாபகத்தை நம்பிச் சொல்ல முடியாது.

மூக்கு வழியாகக் குழாய் போட்டவர்களுக்கும் இது பொருந்தும். வாயால் சாப்பிடவில்லை, அப்புறம் வாயை ஏன் பார்ப்பது என்று விட்டுவிடுகிறார்கள். வேலை செய்யாத வாய்தான் சீக்கிரம் பூக்கும்.

படி 3: வெந்த புண்ணா, பூஞ்சையா

இதில்தான் நிதானம் வேண்டும். இரண்டுமே வெள்ளை, இரண்டுமே எரியும். பல நேரம் இரண்டும் ஒரே வாயில் இருக்கும்.

கரண்டில் வெந்த புண் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் சிவப்பாகத் தொடங்கும். பிறகு அதன்மேல் மஞ்சளும் வெள்ளையும் கலந்த ஆடை போர்த்தும். அந்த ஆடை புண்ணோடு ஒட்டிக்கிடக்கும். துடைத்தால் வராது, வலி உயிர்போகும், ரத்தம் கசியும். கரண்ட் படும் பகுதியில் மட்டுமே இருக்கும்.

பூஞ்சை அப்படியில்லை. பால் திரிந்து போசியின் ஓரத்தில் ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும். காயத்துக்குக் கட்டும் சுத்தமான காஸ் துணியை ஆறிய வெந்நீரில் நனைத்து, விரலில் சுற்றி மெல்ல ஒற்றி எடுத்தால் வெள்ளை துணியோடு வந்துவிடும். அடியில் செக்கச்செவேலென்று இருக்கும். கரண்ட் படாத இடத்திலும், நாக்கின் நடு முதுகிலும், அண்ணத்திலும் வரும். ஒரே ஒரு முறை, ஒரே ஒரு இடத்தில் ஒற்றிப் பாருங்கள். சுரண்ட வேண்டாம். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

வெள்ளையே இல்லாத பூஞ்சை ஒன்று உண்டு. நிறைய வீடுகளில் தப்பிவிடுவது இதுதான். நாக்கு சிவந்து, மேலே இருக்கும் சொரசொரப்பு போய் மொழுக்கென்று பளபளக்கும். அண்ணம் சிவந்திருக்கும். பார்வைக்குப் புண் ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனால் எரிச்சல் மட்டும் தாங்கவில்லை, தண்ணீர்கூட எரிகிறது, வாயில் தகரம் சப்பிய மாதிரி இருக்கிறது என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். நேற்றுவரை ஓரளவு சாப்பிட்டவர் இரண்டே நாளில் திடீரென்று ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டால் அதுவும் ஒரு அடையாளம். உதட்டின் ஓரம் வெடித்துச் சிவந்து, வாய் திறந்தால் ரத்தம் வருவது மூன்றாவது வகை.

இன்னொன்று. ஆபரேஷனில் கன்னத்தை எடுத்துவிட்டு, நெஞ்சிலிருந்தோ கையிலிருந்தோ சதையும் தோலும் எடுத்து உள்ளே வைத்துத் தைத்திருந்தால், அந்தத் தோல் எப்போதும் ஈரத்தில் ஊறி வெளுத்தே இருக்கும். சிலருக்கு அதில் முடிகூட முளைக்கும். அதைப் பூஞ்சை என்று நினைத்து ஒரு பாட்டி தினமும் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கியதை நான் பார்த்திருக்கிறேன். எது வைத்துத் தைத்த இடம் என்று டிஸ்சார்ஜ் அன்றைக்கே டாக்டரிடம் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: உறுதி செய்வது

பெரும்பாலும் டாக்டர் பார்த்தே சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால் லேசாகச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். மருந்துக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப வந்தால் கல்ச்சர் (எடுத்ததை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) கேட்பார்கள், எந்தப் பங்காளி என்று தெரிவதற்காக. குருசே என்ற வகை, பூஞ்சைக்கு விழுங்கக் கொடுக்கும் புளூகொனசோல் மாத்திரைக்கு இயல்பிலேயே அடங்காது. கல்ச்சர் செய்தால் மருந்து தொடங்கும் முன் எடுப்பது நல்லது.

அடுத்த வாராந்திரப் பரிசோதனை வரை காத்திருக்க வேண்டாம். தினமும் கரண்டுக்குப் போகிறீர்கள்தானே. அன்றைக்கே அங்கிருக்கும் நர்ஸிடம் வாயைத் திறந்து காட்டுங்கள்.

படி 5: மருந்து

இரண்டு வகை. வாயில் விடுவது ஒன்று, விழுங்குவது இன்னொன்று. எது, எத்தனை நாள் என்பது டாக்டர் முடிவு. நான் சொல்வது, கொடுத்ததைச் சரியாகப் போடுவது எப்படி என்று.

லேசான தொற்றுக்குப் பெரும்பாலும் க்ளோட்ரிமசோல் மவுத் பெயின்ட் அல்லது நிஸ்டாட்டின் திரவம் எழுதுவார்கள். நிஸ்டாட்டினில் ஒரு மில்லிக்கு 1 லட்சம் யூனிட். வழக்கமாக வேளைக்கு 4 முதல் 6 மில்லி, நாளைக்கு 4 வேளை, 7 முதல் 14 நாள். பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். முதலில் வாயைக் கொப்பளித்து, சளியையும் எச்சில் நூலையும் எடுத்துவிடுங்கள். மருந்தை இரண்டு கன்னத்துக்கும் மாற்றி மாற்றி, எவ்வளவு நேரம் தாங்குகிறதோ அவ்வளவு நேரம் வைத்திருக்கச் சொல்லுங்கள். இந்த மருந்து தொட்ட இடத்தில்தான் வேலை செய்யும். ஊற்றியதும் விழுங்கிவிட்டால் வயிற்றுக்குப் போனதோடு சரி. அதன்பிறகு அரை மணி நேரம் தண்ணீர்கூட வேண்டாம். பல்செட் இருந்தால் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷும் நிஸ்டாட்டினும் ஒன்றுசேர்ந்தால் இரண்டும் வீணாகும். இரண்டையும் எழுதிக்கொடுத்திருந்தால் நடுவில் அரை மணி நேரமாவது விடுங்கள்.

தொற்று பரவியிருந்தால், அல்லது வாயில் மருந்தை வைத்திருக்கவே முடியாத வலி என்றால், புளூகொனசோல். வழக்கமாக நாளைக்கு 100 முதல் 200 மில்லிகிராம், 7 முதல் 14 நாள். இங்கே ஒரு தப்பு நடக்கிறது. மெடிக்கலில் போய், "வாயில பூஞ்சைங்க" என்று சொன்னால் 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார்கள். ஒரே மாத்திரையோடு முடிவது வேறு இடத்துத் தொற்றுக்கான கணக்கு. கரண்ட் வைக்கிற வாய்க்கு அது காணாது. இரண்டு நாள் தெளிந்து, மூன்றாம் நாள் திரும்பப் பூக்கும்.

இப்போது அந்த மாத்திரைத் தாளை எடுங்கள். புளூகொனசோல் வேறு மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கிளிமிபிரைடு, கிளிபிசைடு மாதிரியான சுகர் மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கும். அதுவும் சாப்பிட முடியாத ஆளுக்கு. ரத்தம் உறையாமலிருக்க வார்பரின் சாப்பிடுபவருக்கு ரத்தக்கசிவு வரலாம், பூஞ்சைக்கு வாயில் தடவும் மைகோனசோல் ஜெல்லுக்கும் இதே எச்சரிக்கைதான். வலிப்புக்கான பெனிடாயின், சில கொழுப்பு மாத்திரைகள் இவற்றோடும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். வாந்திக்குக் கொடுக்கும் ஒன்டான்செட்ரான், டோம்பெரிடோன் இவற்றோடு சேர்ந்தால் இதயத்துடிப்பு தடுமாறலாம். இந்த மாத்திரை சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றுபவர்களுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே அடிவாங்கியிருக்கலாம், அதனால் கிரியாட்டினின் என்ற சிறுநீரக ரத்தப் பரிசோதனை பார்த்து அளவு மாற்றுவார்கள். தாளை நீட்டுங்கள், அவ்வளவுதான். கேட்டால் காட்டலாம் என்று பையில் வைத்திருக்க வேண்டாம்.

மாமாவுக்கு மூன்றாம் நாள் எரிச்சல் பாதி குறைந்தது. உடனே, "செரியாப் போச்சு, மாத்தரை எதுக்கு" என்று ஆரம்பித்தார். வெள்ளை போனாலும் சொன்ன நாள் வரை போட வேண்டும். ஒரு வாரத்தில் ஒன்றும் மாறவில்லை என்றால் திரும்பக் காட்டுங்கள்.

பூஞ்சை வந்துவிட்டதே, இது போகட்டும், அப்புறம் கரண்ட் வைக்கலாம் என்று நாமாக நிறுத்தக்கூடாது. நடுவில் இடைவெளி விழுந்தால் புற்றுநோய் கட்டுப்படுவது குறையும்.

படி 6: உப்பு சோடாத் தண்ணீர்

மருந்தைவிட இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். மருந்து இரண்டு வாரம், இது கடைசி வரை.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர். ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா. பேக்கிங் பவுடர் வேறு, துணி துவைக்கும் சோடா வேறு. இரண்டையும் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, சாப்பிட்ட பிறகு கண்டிப்பாக. விழுங்கக்கூடாது. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், நேற்றைய மிச்சம் வாசலுக்கு.

பஸ்ஸில் வாய் அதிகம் காயும். நாங்கள் ஒரு பாட்டிலில் இதையும், இன்னொன்றில் குடிக்கிற தண்ணீரையும் எடுத்துப் போவோம். எது எது என்று குழம்பாமலிருக்க ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினேன்.

ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். அது காய்ந்த வாயை இன்னும் காயவைக்கும்.

படி 7: பிரஷ், பல்செட்

மிக மென்மையான பிரஷ், வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கினால் இன்னும் மென்மையாகும். பூஞ்சைக்கு மருந்து முடிந்ததும் பழைய பிரஷைத் தூக்கிப் போடுங்கள். பல்செட்டை, கரண்ட் நடக்கும் இந்த ஆறு ஏழு வாரமும் போடாமலிருந்தால் நல்லது. போட்டே ஆக வேண்டுமென்றால் சாப்பிடும்போது மட்டும். இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவி, பல் டாக்டர் சொன்ன திரவத்தில் ஊற வையுங்கள்.

படி 8: சாப்பாடு

சர்க்கரை பூஞ்சைக்குத் தீனி என்று சொன்னதும் சிலர் இனிப்பை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். எடை இறங்குவது அதைவிட ஆபத்து. கரண்ட் வைக்கும்போது தலை அசையாமலிருக்க முகத்துக்குப் போடுகிற மாஸ்க் தொளதொளவென்று ஆகும் அளவுக்கு இளைத்தால் மறுபடியும் அளவெடுத்துத் திட்டம் போட வேண்டிவரும். ஆகவே கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போட்ட ராகிக் கூழ் இறங்குகிறதென்றால் கொடுங்கள், குடித்து முடித்ததும் கொப்பளிக்க வையுங்கள். மிட்டாய் மாதிரி வாயிலேயே கரைவதுதான் வேண்டாம். சுகர் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு, டாக்டரிடம் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் ஓடியது இவைதான். அரிசியும் பருப்பும் சாதம், மிளகாயும் தாளிப்பும் இல்லாமல், இரண்டு விசில் கூட விட்டுக் குழைத்து, நெய் ஊற்றி. சந்தகையைத் தேங்காய்ப்பாலில் ஊறப்போட்டு. முட்டையை அரை வேக்காட்டில் விடாமல் முழுதாக வேகவைத்து மசித்து. தூக்குப் போசியில் புளிக்காத மோர். கொள்ளு ரசம் மட்டும் எத்தனை தடவை வைத்தாலும் "காரம்" என்று தள்ளிவிட்டார், நான் ஒரு மிளகுகூடப் போடாத ரசத்தை.

படி 9: ஒறம்பரை சொல்லும் வைத்தியம்

ஈரோட்டுக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு மஞ்சள் வைக்காமல் விடுவார்களா? வாயெல்லாம் மஞ்சள் குழைத்துப் பூசிக் கூட்டி வந்தால் டாக்டருக்கு வெள்ளையும் தெரியாது, சிவப்பும் தெரியாது. ஊதா மருந்துக்கும் இதே குறை. மஞ்சள் சமையலில் இருக்கட்டும். நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு தொண்டை மரத்து, விழுங்கத் தடுமாறும் ஆளுக்கு வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். தேன் புண்ணுக்குச் சிலருக்கு இதம் தரும், ஆனால் பூஞ்சைக்கு மருந்து அதுவல்ல, காய்ந்த வாயில் பல்லையும் அரிக்கும். பெயர் தெரியாத லேகியம், கஷாயம் எதுவானாலும் கீமோ நடக்கும்போது டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள்.

படி 10: நேரம் பார்க்காமல் கிளம்ப வேண்டியவை

காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால், அதுவும் கீமோ ஏற்றுபவர் என்றால், ராத்திரியானாலும் போய்விடுங்கள். விழுங்கும்போது நெஞ்சுக்கூட்டுக்கு நடுவே வலித்தால் பூஞ்சை உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம். தண்ணீரே இறங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, வாயில் ரத்தம் நிற்கவில்லை, மூச்சு விடும்போது சத்தம் வருகிறது என்றாலும் வீட்டில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். மூச்சுக்கும் ரத்தத்துக்கும் 108தான்.

படி 11: கரண்ட் முடிந்த பிறகு

கடைசிக் கரண்ட் அன்று எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். வாய் அதற்கடுத்த ஒன்றிரண்டு வாரமும் மோசமாகவே இருக்கும். புண் ஆறச் சில வாரங்கள் ஆகும். எச்சில் வருவதற்கு மாதங்கள், சிலருக்கு வருடங்கள், சிலருக்குப் பழையபடி வராமலே போகலாம். எச்சில் இல்லாத வரை பூஞ்சை திரும்ப வரும். அதனால் டார்ச்சும் உப்பு சோடாவும் நிற்கக்கூடாது. பல் டாக்டர் எழுதிக்கொடுக்கும் கூடுதல் புளூரைடு பேஸ்டும் தினமும் வேண்டும்.

மருந்து முழுதாகப் போட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கிற வெள்ளையோ, சிவப்போ, தடிப்போ இருந்தால் பூஞ்சை என்று சொல்லிக்கொண்டு இன்னொரு பாட்டில் வாங்காதீர்கள். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டுங்கள். புற்றுநோய் திரும்பியிருக்கிறதா என்று சதை எடுத்துப் பார்க்க வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

கரண்ட் முடிந்து எட்டு மாதம் கழித்து மாமா பல்வலி என்று எனக்குச் சொல்லாமல் உள்ளூரில் பல் எடுக்கப் போய்விட்டார். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, "வாய்ல கரண்டு வெச்சிருக்குதுங்க, பரவால்லீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்த டாக்டர் கொறடைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.